ஹீட் 9-8: கோளாறு ஐந்து பேரிலா, பயிற்சியாளரிலா?

காலை ஆறு மணி
28 நவம்பர் 2010, காலை 9:58

டல்லாஸ் 106, நம் மயாமி ஹீட் 95. ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பார்த்த என்.பி.ஏ. கூடைப்பந்து ஆட்டம் இது. மூன்றாவது குவார்ட்டரில் டல்லாஸ்காரர்கள் வரிசையாகப் புள்ளி சேர்க்கிறார்கள், நம் ஆட்கள் 'நீ அடிப்பாயா, நான் அடிக்கட்டுமா' என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். என் டீயில் ஆடை படிந்துவிட்டது.

பதினேழு ஆட்டத்தில் எட்டு தோல்வி. ஜூலையில் லெப்ரானும் பாஷும் வேடோடு சேர்ந்தபோது மேடை போட்டு, புகை விட்டு, 'ஒன்று அல்ல, இரண்டு அல்ல' என்று வராத கோப்பைகளை எண்ணினார்களே, அதே அணிதான். ஒரே சீசனில் 72 வெற்றி என்ற சிகாகோ புல்ஸின் சாதனை உடையுமா என்றுகூடப் பேசினோம். இப்போது கிழக்குப் பிரிவு பிளே-ஆஃபில் சொந்த மைதான அனுகூலம் கிடைக்குமா என்பதே சந்தேகம்.

நான் குறை சொல்வது தொடக்க ஐவரை. அரோயோ, வேட், லெப்ரான், பாஷ், இல்காஸ்கஸ். இதில் இரண்டு இடம் ஓட்டை. முதல் ஆட்டத்திலேயே பாஸ்டனின் ராண்டோ 17 அசிஸ்ட் கொடுத்தான், அதாவது கூடை விழவைத்த பாஸ் பதினேழு. நியூ ஆர்லியன்ஸில் கிறிஸ் பால் 19. பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் எதிரணி பாயிண்ட் கார்டு யாராக இருந்தாலும் நம் வீட்டில் விருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறான். அரோயோவை உட்காரவைத்துவிட்டு சால்மர்ஸைத் தொடங்கவிடுங்கள். இல்லையென்றால் பாயிண்ட் கார்டே வேண்டாம். லெப்ரான் பந்தை மேலே கொண்டுவரட்டும், ஜேம்ஸ் ஜோன்ஸ் மூலையில் நின்று மூன்று புள்ளி த்ரீ போடட்டும்.

ரைலி பக்தன்
28 நவம்பர் 2010, காலை 10:20

ஐவரை மாற்றி என்ன ஆகப்போகிறது? ஆட்டம் சொல்லித்தருபவரை மாற்றவேண்டும். மூன்றாவது குவார்ட்டர் டைம்-அவுட்டில் லெப்ரான் பெஞ்சுக்கு வரும்போது பயிற்சியாளர் ஸ்போல்ஸ்ட்ராவின் தோளில் இடித்துவிட்டுப் போனதைப் பார்த்தீர்களா? தெரியாமல் பட்ட இடி மாதிரி எனக்குத் தெரியவில்லை.

2005 டிசம்பரை மறந்துவிட்டீர்களா? அன்றைய பயிற்சியாளர் ஸ்டான் வான் கண்டி 11-10 என்று தடுமாறினார், விலகினார், அணித் தலைவர் ரைலி மாடி அலுவலகத்திலிருந்து பயிற்சியாளராக இறங்கி வந்தார், 2006 ஜூனில் கோப்பை. அன்று இறுதிப் போட்டியில் அடி வாங்கியதும் இதே டல்லாஸ்தான். சரித்திரம் திரும்புகிறது, அவ்வளவுதான்.

வேட் 3
28 நவம்பர் 2010, காலை 10:41

அதே வான் கண்டிதான் ஓர்லாண்டோ பயிற்சியாளராக நான்கு நாள் முன்பு நம்மை 104-95 என்று தோற்கடித்தார். துரத்திவிட்ட ஆளெல்லாம் ஒன்றும் தெரியாதவர் இல்லை, கொஞ்சம் நினைவிருக்கட்டும்.

லெப்ரானுக்காக ஜூலையில் இங்கே குடிவந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேட் இந்த ஊரில் 2003 முதல் ஆடுகிறான். 2007-08-இல் இந்த அணி 15 வெற்றி, 67 தோல்வி. அன்று இந்த மன்றத்தில் நான்கு பேர்தான் இருந்தோம்.

பச்சைச் சட்டை
28 நவம்பர் 2010, காலை 10:44

பாஸ்டனிலிருந்து அன்பான வணக்கம். முதல் நாள் முதல் குவார்ட்டரில் நீங்கள் எடுத்த புள்ளி ஒன்பது. அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

வேட் 3
28 நவம்பர் 2010, காலை 10:46

வந்துவிட்டார் துக்கம் விசாரிக்க.

பழைய கோச்
28 நவம்பர் 2010, பிற்பகல் 1:15

காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். இந்தச் சண்டையில் பந்து யாரிடம் இருக்கிறது என்று எல்லாரும் பேசுகிறீர்கள். பந்து இல்லாதவர் என்ன செய்கிறார் என்று ஒருவரும் பார்க்கவில்லை.

இன்று ஆட்டத்தைப் பதிவு செய்து வைத்திருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். வேட் இடப்பக்கம் பந்தோடு இருக்கும்போது திரையில் அவரைக் கையால் மறைத்துவிட்டு, வலப்பக்கம் நிற்கும் லெப்ரானை மட்டும் பாருங்கள். இடுப்பில் கை. நேராக நிற்கிறார். அவரைக் காவல் காக்கிறவர் இரண்டு காலையும் வளையத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு வேட் வரும் வழியை அடைத்துக்கொண்டிருக்கிறார். லெப்ரான் வெளியிலிருந்து போட்டால் போடட்டும் என்ற தைரியம் அது. அடுத்த முறை பந்து லெப்ரானிடம் வரும். அப்போது வேட் அதேபோல நிற்பார். உலகின் சிறந்த ஐந்து ஆட்டக்காரர்களில் இருவர். ஒருவர் ஆடும்போது மற்றவர் காட்சிப்பொருள்.

நான் ஒரு பள்ளியில் பல வருடம் அணி பார்த்தவன். ஒரு வருடம் இரண்டு பையன்கள், இருவருமே பந்து கையில் இருந்தால்தான் உயிரோடு இருப்பார்கள். எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு வாரம் பயிற்சியில் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போகவே கூடாது என்று விதி வைத்தேன். பந்தைத் தட்டினால் எதிரணிக்குப் பந்து. முதல் இரண்டு நாள் நாறியது. மூன்றாம் நாள் வெட்டி ஓட ஆரம்பித்தார்கள், ஏனென்றால் ஓடாதவன் கைக்குப் பந்தே வரவில்லை. ஸ்போல்ஸ்ட்ரா இதைச் செய்யமுடியாது, அவர் பையன்கள் கோடி கோடியாகச் சம்பளம் வாங்குகிறவர்கள். ஆனால் கோளாறு அதே கோளாறுதான். இதில் அரோயோ என்ன செய்வார், பாவம்.

காலை ஆறு மணி
28 நவம்பர் 2010, பிற்பகல் 1:40

சார், நீங்கள் சொன்னதைச் செய்து பார்த்தேன். இடுப்பில் கை. வயிறு எரிகிறது.

ஆனாலும் என் கேள்வி நிற்கிறது. இருவரில் ஒருவர் சும்மா நிற்கிறார் என்றால், மற்ற மூன்று பேரில் வெளியிலிருந்து போடத் தெரிந்தவர்கள் இருந்தாலாவது தப்பிக்கலாம் அல்லவா? அரோயோ மூலையில் நின்றால் யாருக்குப் பயம்?

பழைய கோச்
28 நவம்பர் 2010, பிற்பகல் 2:05

அது நியாயம். அதற்காகத்தான் மைக் மில்லரை எடுத்தார்கள். சீசன் தொடங்க ஒரு வாரம் இருக்கையில் பயிற்சியில் வலது கட்டை விரலை உடைத்துக்கொண்டார். போடுகிற கை. புத்தாண்டுக்குள் வந்தால் அதிசயம்.

அரோயோவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இங்கே பலருக்கு நினைவிருக்காது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் போர்ட்டோ ரிக்கோ 92-73 என்று அமெரிக்காவை வீழ்த்தியது. 24 புள்ளி எடுத்தவர் இதே அரோயோ. தோற்ற அமெரிக்க அணியில் இரண்டு சின்னப் பையன்கள் இருந்தார்கள், வேட், லெப்ரான் என்று பெயர்.

வேட் 3
28 நவம்பர் 2010, பிற்பகல் 2:11

சார், இதை நான் இன்று முழுவதும் யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருப்பேன்.

ரைலி பக்தன்
28 நவம்பர் 2010, மாலை 6:30

ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்களாம். பயிற்சியாளருக்கு அனுமதி இல்லை. இதைவிட வேறென்ன வேண்டும்? ஸ்போல்ஸ்ட்ரா நல்ல மனிதர், மறுக்கவில்லை. 1995-இல் வீடியோ அறையில் கேசட் வெட்டி ஒட்ட வந்தவர், பதின்மூன்று வருடத்தில் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். உழைப்பாளி. ஆனால் லெப்ரான் மாதிரி ஆளிடம் 'உட்கார்' என்று சொல்ல, தலைமைப் பயிற்சியாளராகக் கோப்பை வென்ற மோதிரம் கையில் வேண்டும். பயிற்சியாளராக மட்டும் ரைலியிடம் ஐந்து கோப்பை இருக்கிறது.

பந்தயம் கட்டுகிறேன். கிறிஸ்துமஸுக்குள் ரைலி பெஞ்சில் இருப்பார். இல்லையென்றால் யார் படத்தைச் சொன்னாலும் சீசன் முடியும் வரை என் முகப்புப் படமாக வைத்துக்கொள்கிறேன்.

வேட் 3
28 நவம்பர் 2010, மாலை 6:33

நம் அணியின் ஜோயல் ஆன்டனி. எழுதி வைத்துக்கொண்டேன்.

ஓஹையோ தமிழன்
28 நவம்பர் 2010, இரவு 9:12

நான் லெப்ரான் விட்டுவந்த கிளீவ்லாந்தின் ரசிகன். இந்தப் பக்கம் வருவதில்லை என்று ஜூலையில் சபதம் எடுத்தவன். ஆனால் 9-8 என்று தலைப்பைப் பார்த்ததும் கால் தானாக வந்துவிட்டது.

இல்காஸ்கஸைப் பற்றி மட்டும் மரியாதையாகப் பேசுங்கள். ஏழடி மூன்று அங்குலம், வயது முப்பத்தைந்து. எங்கள் ஊரில் இருந்தபோது கால் எலும்பு உடைந்து உடைந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டு, இனி நடப்பாரா என்று கேட்ட இடத்திலிருந்து திரும்பி வந்து ஆடியவர். அவரைப் போய் 'ஓட்டை' என்கிறீர்கள். அவரை ஓடச்சொல்லும் அணியில்தான் ஓட்டை. ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கவிட்டுப் பந்தைக் கொடுங்கள், பத்துக்கு ஐந்து உள்ளே போகும்.

அப்புறம் லெப்ரான் இடுப்பில் கை வைத்து நிற்பது. ஏழு வருடமாக அதைப் பார்த்தவர்கள் நாங்கள். புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் பேசாதீர்கள்.

பச்சைச் சட்டை
28 நவம்பர் 2010, இரவு 9:40

கிண்டலை ஓரமாக வைத்துவிட்டு ஒரு விஷயம். 2007-இல் எங்களுக்கும் மூன்று பெரிய ஆட்கள் சேர்ந்தார்கள். கார்னெட், பியர்ஸ், ஆலன். முதல் எட்டு ஆட்டமும் வெற்றி, சீசன் முடிவில் 66, அப்புறம் கோப்பை. ஏன் எங்களுக்கு உடனே பொருந்தியது? ஆலன் ஓடி ஓடி வெளியே வந்து சுடுவார், கார்னெட் பின்னால் காவல், பியர்ஸ் கையில் பந்து. ஒருவர் வேலை இன்னொருவர் வேலையோடு மோதவில்லை. அதோடு ராண்டோவும் பெர்கின்ஸும் இருந்தார்கள். உங்களுக்கு மூவரில் இருவருக்கு ஒரே வேலை, பெர்கின்ஸ் மாதிரி வளையத்தடியில் அடைத்து நிற்கும் ஆள் யாருமே இல்லை. மில்சாப் கதையைக் கேளுங்கள்.

வேட் 3
28 நவம்பர் 2010, இரவு 9:43

மில்சாப் பெயரை இந்த இழையில் எழுதக்கூடாது என்று விதி போடலாமா?

காலை ஆறு மணி
28 நவம்பர் 2010, இரவு 10:02

எழுதத்தான் வேண்டும். நவம்பர் 9, நம் சொந்த மைதானம், யூட்டா. 22 புள்ளி முன்னிலையில் இருந்தோம். வேட் 39 புள்ளி. அந்த மில்சாப் அதுவரை மொத்த வாழ்க்கையில் இரண்டே இரண்டு த்ரீ போட்டவன். கடைசி அரை நிமிடத்துக்குள் மூன்று போட்டான். போதாதென்று கடைசி நொடியில் தவறிய பந்தைத் தட்டி உள்ளே அனுப்பி ஆட்டத்தைச் சமன் செய்தான். மொத்தம் 46. ஓவர்டைமில் 116-114 என்று தோற்றோம். அந்தத் தட்டல் நடந்தபோது நம் ஆட்கள் யாரும் அவனை முதுகால் தள்ளி அடைக்கவில்லை. பச்சைச் சட்டை சொல்வது வலிக்கிறது, ஆனால் உண்மை.

மெம்பிஸில் ஹாஸ்லெமின் பாதத்தில் தசைநார் கிழிந்த பிறகு இன்னும் மோசம். உள்ளே போய் இடித்துப் பந்தை எடுக்க மனம் உள்ள ஒரே ஆள் அவன்தான். வெளியே அதிகப் பணம் கிடைத்தும் சொந்த ஊரை விட்டுப் போகாதவன். இப்போது டாம்பியரைக் கூட்டி வந்திருக்கிறார்கள். அவருக்கும் முப்பத்தைந்து. முதியோர் கிளப் நடத்துகிறோம்.

மட்டுறுத்துநர்
28 நவம்பர் 2010, இரவு 10:30

வயதைப் பற்றிய பின்னூட்டங்கள் மூன்று நீக்கப்பட்டன. ஆட்டத்தைப் பற்றிப் பேசவும்.

ரைலி பக்தன்
30 நவம்பர் 2010, காலை 8:15

ஆட்டக்காரர்களுக்கு ஸ்போல்ஸ்ட்ரா மேல் மனக்கசப்பு என்று செய்தி வந்துவிட்டது. பெயர் சொல்லாத வட்டாரம்தான், ஆனாலும் புகை வந்துவிட்டது. நான் சொன்னேனா இல்லையா?

பழைய கோச்
30 நவம்பர் 2010, காலை 11:00

அந்தச் செய்தியில் அவர்மேல் சொல்லப்படும் புகாரைக் கவனித்தீர்களா? தங்களைத் தங்கள் போக்கில் விடவில்லையாம். கண்டிப்பாக இருக்கிறாராம். என் கணக்கில் அது பாராட்டுப் பத்திரம்.

நேற்று வாஷிங்டனோடு ஜெயித்ததை யாரும் எழுதவில்லை. பலவீனமான எதிரணிதான். ஆனால் பந்து இல்லாதவர் வெட்டி ஓடுவது முன்பைவிட அதிகம். சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களில் மூவரும் சேர்ந்து கிட்டத்தட்ட ஆடவே இல்லை என்பதை மறக்காதீர்கள். அதில் முதல் ஆட்டத்திலேயே சில நிமிடத்தில் வேடின் பின்தொடைத் தசை இழுத்துக்கொண்டது. அதோடு சரி. அக்டோபரில் நடந்திருக்கவேண்டிய ஒத்திகையை நாம் நவம்பரில் டிக்கெட் வாங்கிப் பார்த்திருக்கிறோம். இந்தியானாவோடு வேட் பதின்மூன்று முறை எறிந்து ஒன்றே ஒன்று போட்டதும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

வேட் 3
30 நவம்பர் 2010, காலை 11:04

அந்த ஒன்றுக்குப் பதின்மூன்றை எடுக்காமல் இருந்திருக்கலாம் சார்.

ஓஹையோ தமிழன்
3 டிசம்பர் 2010, பிற்பகல் 12:40

லெப்ரான் எங்கள் கிளீவ்லாந்துக்கு எதிரணியாக முதல் முறை வந்த ஆட்டம். மைதானத்திலிருந்து வந்து தூங்கமுடியாமல் எழுதுகிறேன். நான்கு மாதத்துக்கு முன்பே எடுத்து வைத்த டிக்கெட். வாசலில் இருந்த போலீஸைப் பார்த்தால் ஏதோ நாட்டுத் தலைவர் வருகிறார் என்று நினைப்பீர்கள். எனக்கு முன்னால் நின்ற ஒருவர் ஜூலையில் எங்கள் அணி உரிமையாளர் அவனைத் திட்டி எழுதிய கடிதத்தை, அதே காமிக் சான்ஸ் எழுத்தோடு, சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

அவன் பந்தைத் தொட்டபோதெல்லாம் கத்தினோம். முதல் குவார்ட்டரில் என் தொண்டை போய்விட்டது. மூன்றாவது குவார்ட்டரில் அவன் மட்டும் 24 புள்ளி. எங்கள் பெஞ்சுக்கு முன்னால் நின்று போட்டான், அவர்களைப் பார்த்துப் பேசிக்கொண்டே போட்டான். எங்கள் ஆள் ஒருவன்கூட அவனைத் தரையில் தள்ளவில்லை. பத்து நிமிடத்தில் கத்தல் அடங்கிப்போனது. என் பக்கத்து இருக்கையில் ஒரு பத்து வயதுப் பையன், அவனுடைய 23 எண் போட்ட பழைய சட்டையைத் திருப்பி உள்பக்கம் வெளியே வரும்படி அணிந்திருந்தான். ஒரு நீண்ட த்ரீ விழுந்ததும் கைதட்டிவிட்டு அப்பா முகத்தைப் பார்த்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

118-90. அவனுக்கு 38. நான்காவது குவார்ட்டரில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான், இறங்கவே இல்லை.

காலை ஆறு மணி
3 டிசம்பர் 2010, பிற்பகல் 1:20

அண்ணே, இன்று உங்களிடம் ஜெயித்த சந்தோஷத்தைக் காட்ட மனம் வரவில்லை. போய்ச் சாப்பிட்டுத் தூங்குங்கள்.

ஆட்டத்தைப் பற்றி ஒரு வரி மட்டும்: அந்த மூன்றாவது குவார்ட்டரில் லெப்ரான் ஓடும்போது வேட் ஓரமாக நிற்கவில்லை, வளையத்தை நோக்கி வெட்டிக்கொண்டிருந்தான். கோச் சார் கவனித்திருப்பார்.

பழைய கோச்
3 டிசம்பர் 2010, மாலை 4:00

கவனித்தேன். ஒரே ஒரு நாள்தான். பார்ப்போம்.

வேட் 3
26 டிசம்பர் 2010, காலை 7:50

தொடர்ந்து 12 வெற்றி. அதை 98-96 என்று முறித்தது மறுபடியும் டல்லாஸ், அந்த நோவிட்ஸ்கியைக் கண்டாலே எனக்குக் கை நடுங்குகிறது. நேற்று கிறிஸ்துமஸ், லேக்கர்ஸை அவர்கள் வீட்டிலேயே 96-80. லெப்ரான் ட்ரிபிள் டபுள், புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் பத்து அல்லது மேல். பாஷ் டொரன்டோவில் ஏழு வருடம் ஆடி முதல் ஆளாக இருந்தவன், இப்போது மூன்றாவது ஆளாக ஃப்ரீ த்ரோ கோட்டின் ஓரத்தில் நின்று அமைதியாகப் போட்டுத்தள்ளுகிறான். அவனைப் பற்றி இந்த இழையில் ஒருவர்கூட எழுதவில்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

பெஞ்சில் நேற்றும் ஸ்போல்ஸ்ட்ராதான் நின்றார். ரைலி பக்தன் எங்கே?

ரைலி பக்தன்
26 டிசம்பர் 2010, காலை 9:15

மாற்றிவிட்டேன். ஜோயல் ஆன்டனி இதைவிட நன்றாகச் சிரிக்கும் படம் இணையத்தில் கிடைக்கவில்லை.

பச்சைச் சட்டை
13 ஜூன் 2011, காலை 10:05

பழைய இழையைத் தோண்டி எடுத்ததற்கு மன்னிக்கவும். எங்களை மே மாதம் ஐந்து ஆட்டத்தில் வெளியே அனுப்பினீர்களே, அந்தக் கடன் இன்று தீர்ந்தது. டல்லாஸ் 105, மயாமி 95. இறுதித் தொடரின் ஆறு ஆட்டத்தில் கோப்பை போய்விட்டது. நவம்பரில் 106-95, ஜூனில் 105-95. சில்லறைகூட மாறவில்லை.

காலை ஆறு மணி
13 ஜூன் 2011, காலை 10:40

இரண்டாவது ஆட்டத்தில் 88-73 என்று முன்னிலை, ஏழு நிமிடம்தான் பாக்கி. தோற்றோம். நான்காவதில் லெப்ரான் மொத்தமே எட்டு புள்ளி. கோச் சார் நவம்பரில் சொன்ன அதே இடுப்பில் கை. டல்லாஸ் மண்டலக் காவல், அதாவது ஆளுக்கு ஆள் இல்லாமல் இடத்துக்கு இடம் காவல், போட்டதும் மறுபடியும் நின்றுவிட்டான்.

இன்னொன்று. அரோயோவை மார்ச்சில் அனுப்பிவிட்டு பிபியைக் கூட்டி வந்தார்கள், பிளே-ஆஃப் முழுக்க அவரையே தொடங்கவிட்டார்கள். இன்று ஆறாவது ஆட்டத்தில்தான் சால்மர்ஸுக்குத் தொடக்க இடம் கிடைத்தது. 18 புள்ளி எடுத்தான். நான் இதைக் கேட்டது நவம்பர் 28.

பழைய கோச்
13 ஜூன் 2011, காலை 11:30

சால்மர்ஸ் விஷயத்தில் நீர் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். மற்றதை அக்டோபரில் பேசலாம். இன்று முடியவில்லை.

வேட் 3
13 ஜூன் 2011, காலை 11:34

ரைலி பக்தன், சீசன் முடிந்தது. படத்தை எடுத்துவிடலாம்.

ரைலி பக்தன்
13 ஜூன் 2011, பிற்பகல் 12:10

எடுக்கப்போவதில்லை. பழகிவிட்டது. அவன் ஒருவன்தான் இந்தத் தொடரில் கடைசி வரை யாரையாவது அடைத்துக்கொண்டு நின்றான்.